வேக்கம் போட்டீங்களா, தம்பி?

ஹீட் பம்ப் என்று சொன்னால் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் டீக்கடையில் முதலில் சிரிப்புதான் வரும். ‘இருக்கிற சூடு போதாதா சார், இதுல பம்ப்பு வேற வெச்சு இறைக்கணுமா?’ அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை பிசுபிசுக்கிற ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்டவர் வீட்டு மாடியறையில் ஒரு ஹீட் பம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தவணையில் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிதான் அது. ஃப்ரிட்ஜும் ஹீட் பம்ப்தான். பால் சொசைட்டியில் கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்குகிற குளிர்தொட்டியிலும் அதே இயந்திரம்தான் இருக்கிறது.

டீ வருவதற்குள் அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். சூட்டை அதன் போக்கில் விட்டால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். எதிர்த்திசையில் கொண்டுபோகக் கரண்ட் செலவழிக்க வேண்டும். வயலில் இருக்கிற போர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை; கீழே இருப்பதை மேலே தூக்கிவிடுகிறது. ஹீட் பம்பும் அப்படித்தான், ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாருக்குச் செலவு கூடும். இங்கே எடுக்கிற இடத்துக்கும் கொட்டுகிற இடத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் அந்த ஆழம். அறையை 18-இல் வைத்தால் பில் ஏறுவதும், மேற்கு வெயில் அறைகிற மூலையில் காற்றுப் போக வழியில்லாமல் அவுட்டோர் யூனிட்டைச் சொருகினால் பில் ஏறுவதும் ஒரே காரணத்தால்தான். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்ததும் இந்த ஆழத்தைக் குறைக்கத்தான்.

தூக்குகிற வேலையைச் செய்வது செம்புக் குழாய்க்குள் சுற்றும் கேஸ். அறைக்குள் இருக்கும் காயிலில் அது ஆவியாகும். ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கினால் அது இன்னும் சூடாகும். வெளியே இருக்கும் காயிலில் அது திரவமாகும்போது, வாங்கிய சூட்டையும் கம்ப்ரஸர் கொடுத்த சூட்டையும் சேர்த்துக் கொட்டிவிடும். பிறகு ஒரு நுண்ணிய துவாரத்தின் வழியாக அழுத்தம் குறைந்து மீண்டும் உள்ளே வரும். அவுட்டோர் பக்கம் நின்றால் முகத்தில் அடிக்கிற அனல், கொஞ்ச நேரம் முன்பு உங்கள் படுக்கையறையில் இருந்த சூடு. அந்த அனலை வீணாகக் காற்றில் விடாமல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் அதற்குப் பெயர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்குக் கொண்டுபோக 3,000 கிலோ கலோரி வேண்டும். சாதாரண கீசரில் அதற்கு மூன்றரை யூனிட் கரண்ட் ஆகும். கம்பிச் சுருளை எவ்வளவு உயர்ந்த கம்பெனி செய்திருந்தாலும் சரி, ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரிக்கு மேல் ஒரு துளியும் தராது. ஹீட் பம்ப் சூட்டைக் காற்றிலிருந்து எடுப்பதால் நம் ஊர் வெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூட்டைத் தரும். அதே 100 லிட்டருக்கு ஒரு யூனிட், கொஞ்சம் கூடக்குறைய.

இது புதிய சங்கதியும் இல்லை. கெல்வின் பிரபு 1852-இல் தத்துவத்தை எழுதினார். அந்தப் பத்தாண்டிலேயே ஆஸ்திரியாவின் எபன்ஸே என்ற ஊரில், ரிட்டிங்கர் என்ற பொறியாளர் உப்பு நீரை வற்றவைக்க இந்த முறையில் இயந்திரம் கட்டினார். மரக்காணத்து உப்பளத்தில் வெயில் இனாமாகச் செய்கிற வேலைக்கு, வெயில் இல்லாத நாட்டுக்காரன் கண்டுபிடித்த வழி. இன்று ஐரோப்பா வீடுகளைச் சூடாக்குவதற்காக எரிவாயு பாய்லரை விட்டு ஹீட் பம்புக்கு மாறப் பார்க்கிறது. பிரிட்டன் 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் பொருத்தவேண்டும் என்று இலக்கு வைத்தது. இயந்திரம் செய்யத் தொழிற்சாலை உண்டு, வாங்க அரசு மானியமும் உண்டு. பொருத்தத் தெரிந்த கைகள்தான் போதவில்லை.

அங்கே பாய்லர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேஸ் என்றால் என்ன, கம்ப்ரஸர் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தலைவலி இல்லை. கேஸ் பைப்போடு பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ ஒரு சித்திரை மாதக் காலையில் சாலையோரம் நின்றால் கண்ணில் படுவார்கள். இருசக்கர வண்டியின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு, முன்னால் கேஸ் சிலிண்டரைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகும் பையன்கள். பாகூரிலிருந்து கடலூருக்கும் போவார்கள், வில்லியனூரிலிருந்து விழுப்புரத்துக்கும் போவார்கள். யூனியன் பிரதேச எல்லை ஏசி மெக்கானிக்கைத் தடுப்பதில்லை. இவர்களில் ஐடிஐ-யில் குளிர்சாதனப் பிரிவில் இரண்டு வருடம் படித்து வந்தவர்கள் உண்டு. ஒரு அண்ணனிடம் ஹெல்பராகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றவர்களும் நிறைய உண்டு. கை வேகத்தில் இரண்டாவது வகையினர் சளைத்தவர்களே இல்லை. ஆனால் அந்த அண்ணனுக்குத் தெரியாதது தம்பிக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எது தெரியாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

புது ஏசி பொருத்தும்போது உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் செம்புக் குழாயால் இணைப்பார்கள். கட்டரால் குழாயை அறுத்ததும் உள் விளிம்பில் மெல்லிய பிசிர் நிற்கும். ரீமர் போட்டு அதைச் சீவ வேண்டும். சீவும்போது குழாயின் வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்துச் சீவினால் செம்புத் துகள் உள்ளே விழும். விழுந்தது கேஸோடு சுற்றி வந்து, என்றைக்காவது ஒரு நாள் அந்த நுண்ணிய துவாரத்தை அடைக்கும், அல்லது கம்ப்ரஸருக்குள் போய்ச் சேரும். பிறகு குழாயின் வாயைப் புனல்போல விரிப்பார்கள். ஃப்ளேர் அடிப்பது என்று பெயர். அந்தப் புனல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, கீறல் விழுந்திருந்தாலோ, நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலோ கேஸ் கசியும். அன்றைக்கே தெரியாது. அடுத்த கோடையில் ‘கூலிங் வரல’ என்று போன் வரும்.

அப்போது வருகிற தம்பி சொல்வதுதான் இந்தத் தொழிலின் பெரிய பொய்: ‘கேஸ் தீந்துபோச்சு சார், ஏத்திக்கலாம்.’ பெட்ரோல்போல எரிந்து தீர்வதற்கு அது எரிபொருளாக வேலை செய்யவில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, அவ்வளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது அடுத்த வருடக் கூலிக்கு இப்போதே முன்பதிவு செய்வதுதான். அந்தத் தம்பி ஏமாற்றத்தான் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. பல பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள்; அண்ணன் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது வேக்கம். இணைப்பு முடிந்ததும் குழாய்க்குள் சாதாரணக் காற்றும், காற்றோடு ஈரமும் இருக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வேக்கம் பம்பை மாட்டி அரை மணி நேரமாவது ஓடவிட்டு இதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தம் மிகக் குறைந்தால் அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அதனால் வேக்கம் போடுவது காற்றை எடுப்பதோடு குழாயை உலர்த்தவும் செய்கிறது. வேக்கம் கேஜில் 500 மைக்ரான் வரை இறங்கினதா, பம்பை நிறுத்தின பிறகும் முள் அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டை, அல்லது உள்ளே இன்னும் ஈரம்.

பம்ப் இல்லாதவர்கள் குறுக்குவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அவுட்டோரில் கம்பெனி நிரப்பி அனுப்பிய கேஸையே வால்வைத் திறந்து கொஞ்சம் விட்டு, அந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ளிவிடுவது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம், இரண்டு நிமிட வேலை. காற்றில் பாதி போகும். ஈரம் குழாய்ச் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கும். மிச்சமிருக்கிற காற்று திரவமாகாது, வெளிக் காயிலில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், கம்ப்ரஸர் அதை எதிர்த்து அமுக்கிக்கொண்டே இருக்கும். ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் சுருளைத் தின்னும். ஐந்து நட்சத்திர ஏசி வாங்கியவர் மூன்று நட்சத்திர பில் கட்டுவது இப்படித்தான். முத்திரை ஒட்டியது ஆய்வுக்கூடத்தில் ஓடிய இயந்திரத்துக்கு. நம் வீட்டில் ஓடுவது இப்படி அவசரமாகப் பொருத்தப்பட்ட இயந்திரம்.

பணம் மட்டும் போகிற தவறுகள் இவை. உயிர் போகிற தவறும் இருக்கிறது. கசிவு பார்க்க நைட்ரஜன் அடிக்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டரைத் தனியாக வாடகைக்கு எடுத்துத் தூக்கி வர வேண்டும். வெல்டிங் செட்டின் ஆக்சிஜனோ கையெட்டும் தூரத்திலேயே நிற்கும். ஆக்சிஜனைக் குழாய்க்குள் அடித்து, அது கம்ப்ரஸர் எண்ணெயோடு அழுத்தத்தில் கலந்தால் வெடிக்கும். இதைச் சொல்லித்தர இரண்டு வருடப் படிப்பு வேண்டாம், பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத மெக்கானிக் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

கேஸும் மாறிக்கொண்டே வருகிறது. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பதால் 2030-க்குள் ஏறக்குறைய முழுவதும் போகவேண்டியது. இப்போது கடையில் விற்கும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் 1 கிலோ கசிந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும். லேசாகத் தீப்பற்றும் குணமும் உண்டு. கோத்ரெஜ் 2012 முதல் விற்கும் சில மாடல்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன். அடுப்பு சிலிண்டரில் இருக்கிற சரக்கின் உறவுக்காரன். பூமிக்கு நல்லவன், பீடி பற்றவைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு நல்லவன் இல்லை. இந்தியா 2021-இல் கிகாலி திருத்தம் என்ற சர்வதேச ஒப்பந்தத்தை ஏற்று, 2032 முதல் ஆர்-32 போன்ற கேஸ்களைப் படிப்படியாகக் குறைத்து 2047-இல் 85 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. இன்று இருபது வயதில் ஹெல்பராகச் சேர்கிற பையன் ஓய்வு பெறுவதற்குள் இரண்டு மூன்று முறை தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

தில்லிக்கு இது தெரியாமல் இல்லை. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் 1 லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுப்பதை ஓர் இலக்காகவே எழுதிவைத்தது. கையில் தொழில் இருந்து காகிதம் இல்லாதவர்களைச் சிறு பயிற்சியோடு பரிசோதித்துச் சான்று தரும் முறையும் திறன் இந்தியா திட்டத்தில் உண்டு. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதே வில்லியனூரில் பத்து வருடமாக ஏசி பொருத்துகிறவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லையென்றால் அதையும் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் சான்றிதழோடு விஷயம் முடியாது. பயிற்சியில் வேக்கம் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து வண்டியில் பம்ப் இல்லாமல் வேலைக்குப் போனால் என்ன பயன்? நல்ல பம்ப் சில ஆயிரம் ரூபாய். பழைய கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டருக்குள் உறிஞ்சுகிற ரெகவரி மெஷின் அதைவிடப் பல மடங்கு. தனி ஆளால் ஆகாது. நெல் அறுக்கும் இயந்திரத்தை ஊருக்குப் பொதுவாக வாடகைக்கு விடுகிற வழக்கம் பாகூர் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரெகவரி மெஷினையும், நைட்ரஜன் சிலிண்டரையும், கேஸை நிறுக்கும் எடைத்தராசையும் அப்படி ஓரிடத்தில் வைத்து நாள் வாடகைக்குக் கொடுத்தால், எனக்குத் தோன்றுகிறபடி, பாதிப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பொறுப்பு வாங்குகிற நம்முடையது. நாற்பதாயிரம் கொடுத்து ஏசி வாங்கிவிட்டு, பொருத்துகிற தம்பியிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஒரு நாளில் நாலு வீடு முடித்தால்தான் அவருக்குக் கட்டும். அரை மணி நேரம் வேக்கம் போட்டால் ஒரு வீடு குறையும். எது விடுபடும் என்று நமக்கே தெரியும். ‘வேக்கம் போட்டீங்களா, தம்பி? எவ்வளவு நேரம் ஓடுச்சு? கேஜைக் காட்டுங்க’ என்று கேட்டு, அதற்குண்டான கூலியையும் கொடுக்கிற வீடுகள் ஊரில் பத்து இருந்தால் பம்ப் தானாக வண்டியில் ஏறும்.

மெக்கானிக் வருவதற்கு முன்பே பாதி விஷயத்தைத் தீர்மானித்துவிடுகிறவர் ஒருவர் இருக்கிறார், கொத்தனார். மாடியறைக்கு ஒன்றரை டன் வேண்டியிருப்பதற்குக் காரணம் மனிதர்கள் இல்லை, தலைக்குமேல் பகலெல்லாம் வெந்து இரவெல்லாம் சூட்டை இறக்குகிற கான்கிரீட் தளம். மத்திய அரசின் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, 2018, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக் கூடாது என்கிறது. வெறும் தளத்தில் இரண்டரை, மூன்று மடங்கு இறங்கும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் தொடங்குகிறது; நம் கிராமத்து வீடுகள் அதன் வலையில் விழாது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு மேலே தட்டோடு பதித்த வெதரிங் கோர்ஸ், மேற்குச் சுவருக்கு ஒரு சன்ஷேடு, தளத்துக்கு வெள்ளைப் பூச்சு. இவை தெரிந்த கொத்தனார் ஒன்றரை டன்னை ஒரு டன்னாக்குவார்.

புதுச்சேரி ஒயிட் டவுனில் இருக்கிற கோல்கொண்ட் விடுதியை இதற்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930-களில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா கூட நின்று கட்டியது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, திருப்பி வைக்கிற படல்கள்; தட்டையான தளத்துக்குமேல் இடைவெளி விட்டு இரண்டாவதாக வளைந்த கான்கிரீட் கூரை. ஏசி இல்லாமல் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள். கட்டியவர்களில் பலர் கட்டடத் தொழிலாளிகளே இல்லை, ஆசிரமவாசிகள். இந்தியாவில் உயர்தரக் கான்கிரீட் வேலை அபூர்வமாக இருந்த காலத்தில், வேலை நடக்கும் இடத்திலேயே கற்றுக்கொண்டு செய்தார்கள். நம் கொத்தனாருக்கும் மெக்கானிக்குக்கும் பயிற்சி தருகிறவர்கள் கரும்பலகையை விட்டுவிட்டு அந்த முறையைப் பார்க்கலாம்.

சுடுதண்ணீருக்கு வருவோம். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஹீட் பம்ப் வேண்டுமா? என் அபிப்பிராயம், வேண்டாம். மொட்டைமாடி சும்மா கிடந்தால் சோலார் ஹீட்டர். ஒரு வாளிதான் தேவையென்றால் அடுப்பே போதும். ஆனால் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர் என்று இந்த இரண்டு கொம்யூன்களிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி என்றால் விடுதி, மருத்துவமனை, சலவை, பெரிய சமையற்கட்டு. 200 பேர் தங்கும் விடுதி ஒன்றில் ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் 4,000 லிட்டர். கீசரில் 140 யூனிட், ஹீட் பம்பில் 40 யூனிட், அதுவும் ஒரே நாளில். ஹீட் பம்ப் அங்கேதான் சம்பாதிக்கும். போதாததற்கு அது வெளியே விடுவது குளிர்ந்த காற்று. அதைச் சமையற்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் அடுப்படியில் நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்.

இந்த இயந்திரத்தை நம் ஏசி மெக்கானிக் தனியாகப் பொருத்த முடியாது. கேஸ் அவருக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் பிளம்பருடையது, எர்த்தும் கண்ட்ரோலும் எலக்ட்ரீஷியனுடையது. போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்தால் சூடு மாற்றும் காயிலில் காறை படியும். வருடத்துக்கொரு முறை கழுவாவிட்டால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை யூனிட் சூடு என்பது இரண்டாகவும் இறங்கலாம். பனித்திட்டு, நரம்பை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிக் காயிலின் அலுமினியத் தகட்டை அரித்துப் பொடியாக்கும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். தண்ணீர் சூடாகவில்லை என்றால் மூன்று பேரும் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். மூன்று தொழிலிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து, யார் பக்கம் கோளாறு என்று சொல்லக்கூடிய ஒருவரைத்தான் ஐடிஐ-கள் உருவாக்க வேண்டும். புதிதாக ஒரு பிரிவு தொடங்கவேண்டிய அவசியம் இல்லை. இருக்கிற குளிர்சாதனப் பிரிவு மாணவரைச் சில வாரம் பிளம்பர் பட்டறைக்கு அனுப்பினால் ஆகும்.

இன்னொன்று, பருவம். ஏசி தொழிலுக்கு மாசியில் ஆரம்பித்து ஆனி வரைதான் சம்பாத்தியம். ஐப்பசி மழை பிடித்தால் போன் அடிக்காது. பல பையன்கள் அந்த மாதங்களில் பெயின்ட் வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் போய்விடுகிறார்கள். விடுதிகளில் சுடுதண்ணீர் கேட்டுக் கூச்சல் எழுவது சரியாக அப்போதுதான். ஹீட் பம்ப் வேலை தெரிந்தால் கார்த்திகையும் மார்கழியும் அவர்களுக்குச் சம்பள மாதங்களாகும். பயிற்சி வகுப்பையும் ஐப்பசியிலேயே வைத்துவிட வேண்டும். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் வைத்தால், கையெழுத்துப் போடுவதற்குக்கூட எந்த மெக்கானிக்கும் ஏணியிலிருந்து இறங்கி வரமாட்டார்.